அந்தாளு சாட்சி எனக்கு வேணாம்

இப்படி வந்து உக்காரும்மா. அந்த பெஞ்சுல ஃபேன் காத்து வராது. இந்தக் கோர்ட்டுக்கு மொத தடவையா வர? மூஞ்சப் பாத்தாலே தெரியுது. ஃபைல மார்ல அணைச்சிக்கினு உக்காந்திருக்கறியே, நானும் மொத தடவ அப்படித்தான் உக்காந்திருந்தேன். யாரு கேட்டாலும் ஒரிஜினல் குடுக்காத, ஜெராக்ஸ் மட்டும் குடு. உங்க வூட்டுக்காரருக்கு இன்னா? முதுகா? பட்டாளத்து வண்டி கவுந்துச்சா? மலையிலயா. சரி, அழாத. இங்க வந்து அழுதா ஒண்ணும் ஆவாது. கோவமா இரு. கோவம் இருந்தாத்தான் இந்தப் படியெல்லாம் ஏற முடியும். நான் கோவத்துலதான் ஏறிக்கினு இருக்கறேன்.

எங்க வூட்டுக்காரருக்குக் காது. ரெண்டு காதும் போச்சி. பீரங்கிப் படையில ஹவில்தாரா இருந்தவரு, பேரு துளசிராமன். அதோ அந்தத் தூண் பக்கத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க பாரு, நீலச் சட்ட போட்டவரு அவுருதான். பக்கத்துல மீசைய முறுக்கி வுட்டுக்கினு ஒருத்தன் இருக்கறான் இல்ல? அவன நல்லாப் பாத்துக்கோ. அவன் பேரு ஏகாம்பரம். சுபேதாரா ரிடையர் ஆனவன். எங்க கேசுக்கு இன்னிக்கு அவன்தான் சாட்சி. அவன் சாட்சி எனக்கு வேணாம்னு தலைதலையா அடிச்சிக்கினேன். யாரு கேட்டாங்க.

எங்க ஊரு வேலூர் பக்கம். வூட்டுக்கு ஒரு ஆளு பட்டாளத்துல இருப்பான். இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஆளெடுப்புக்குப் போயி ஒண்ணா சேந்தவங்க. ஒரே பீரங்கியில வேல. ஏகாம்பரம் அந்தப் பீரங்கிக்குப் பெரிய ஆளு. அவன் உத்தரவு குடுப்பான், எங்க வூட்டுக்காரரு சுடுவாரு. காதுல வச்சிக்கப் பஞ்சு குடுப்பாங்களாம். பஞ்சு வச்சா உத்தரவு கேக்காது, உத்தரவு கேக்கலன்னா திட்டு வுழும். அதனால எல்லாரும் பஞ்ச எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்குவாங்களாம். எவனாவது வச்சிக்கினா, காதுகுத்து முடிஞ்ச கொழந்த வந்துட்டாண்டான்னு கிண்டல் பண்ணுவாங்களாம். ஆம்பளைங்க புத்தி.

ஒரு வாட்டி மணல் காட்டுல பயிற்சி நடக்கறப்ப இவுரு காதுல ரத்தம் வந்துடுச்சி. ஏகாம்பரந்தான் தன்னோட கைக்குட்டையால தொடச்சி வுட்டிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போவல. போனா கேட்டகிரி போட்டுருவாங்க, அதான், ஒடம்புல கொறன்னு முத்திர குத்திடுவாங்க. அப்பால புரமோஷன் வராது. அந்த லீவுல வூட்டுக்கு வந்தப்ப எங்கிட்ட மெதுவா சொன்னாரு. காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி சத்தம் கேட்டுக்கினே இருக்குது அமுலு, டாக்டர் கிட்ட காட்டிடட்டுமான்னு கேட்டாரு. மூணாவது பட்டைய, அதான் ஹவில்தார் பட்டைய, கையில தெச்சிக்கினு வா, அப்பால காட்டலாம்னு சொன்னேன். வேற இன்னா சொல்வாங்க? அப்பவே ஏகாம்பரம் பொண்டாட்டி வேதவல்லி, எங்க ஹவில்தாரு எங்க ஹவில்தாருன்னு தெருக் கொழாய்ல தண்ணி புடிக்கறப்பகூட பேசிக்கினு நிப்பா. நான் மட்டும் நாயக் பொண்டாட்டியா கொடத்தத் தூக்கிக்கினு வரணுமா? அது வேற கத, வுடு.

இப்ப நான் சொல்லப் போறத நல்லா கேளு, இதுலதான் எங்க கேசே இருக்குது. வருசா வருசம் பட்டாளத்துல மெடிக்கல் உண்டு. காது எப்படிப் பாப்பாங்க தெரியுமா? டாக்டர் முதுகுப் பக்கமா தூரத்துல நின்னுக்கினு குசுகுசுன்னு நம்பர் சொல்வாரு. இவுரு அதக் கேட்டுத் திருப்பிச் சொல்லணும். எதிர்ல அடுத்து வர்ற ஆளுங்க பனியனோட வரிசையா நிப்பாங்க. அந்த வரிசையில ஏகாம்பரம் நிப்பான். டாக்டர் வாய் அசையறதப் பாத்து, இன்னா நம்பர் சொன்னாரோ அத்தன வெரலத் தொப்புள் மேல வச்சிக் காட்டுவான். இவுரு அதப் பாத்துச் சத்தமா சொல்வாரு. டாக்டர் காது பிரமாதம்னு எழுதிடுவாரு. பட்டையும் வந்துச்சி.

சரி, கடசியா வூட்டுக்கு அனுப்பறப்ப ஒரு பெரிய மெடிக்கல் வைப்பாங்களே, அதுலயாவது வாயத் தொறக்கக் கூடாதா? தொறக்க மாட்டாங்க. ஏதாவது தொந்தரவு இருக்குதான்னு பெரிய டாக்டர் கேட்டா, நிமுந்து நின்னு இல்ல சாப்னு சொல்லணும். அவ்வளோதான் இவங்களுக்குத் தெரியும். கால் முறிஞ்சி கெடந்தாக்கூட இல்ல சாப்தான். ஒடம்பு முழுக்க நல்லா இருக்குதுன்னு எழுதி வாங்கிக்கினு வெரப்பா வூடு வந்து சேந்தாரு. பால்காரன் மணி அடிச்சா கேக்கல. குக்கர் விசில் கேக்கல. நான் தொண்ட கிழியக் கத்தினாலும் கேக்கல.

அப்பால ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். இன்னா பதில் வரும்? நீ வெளிய போறப்ப காது நல்லா இருந்துச்சி, வூட்டுக்குப் போயி கெட்டுப் போனதுக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு வந்துச்சி. மேல்முறையீடு பண்ணோம். அதுக்கும் அதே பதில். வேலூர்ல ஒரு வக்கீலப் புடிச்சேன், பட்டாக் கேசு பாக்கறவரு. எங்க கட்டு மொத்தத்தையும் பொரட்டிப் பாத்துட்டு, நெலம் எந்த ஊர்ல இருக்குதும்மான்னு கேட்டாரு. அவுரு கிட்டயே ஒரு வருசம் ஓடிப் போச்சி. நீ அந்தத் தப்பப் பண்ணாத. முன்னாள் படைவீரர் ஆபீசுல எலவசமா சட்ட ஒதவி முகாம் வைப்பாங்க, அங்க போ. அங்கதான் எனக்கு பிலோமினா மேடம் கெடச்சாங்க. பட்டாளத்துல மேஜரா இருந்துட்டு அப்பால வக்கீல் கோட்டு போட்டவங்க. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எங்க வூட்டுக்காரரு எதிர்ல உக்காந்து, அவுரு பாக்கற மாதிரி வாய நல்லா அசைச்சி அசைச்சி எல்லாத்தையும் அவுரு கிட்டயே கேட்டாங்க. நான் பதில் சொல்ல வாயத் தொறந்தா கையக் காட்டி நிறுத்திடுவாங்க. அந்தம்மா கொஞ்சம் அப்படித்தான்.

மேடம் சொன்னது இதான். சட்டம் நம்ம பக்கம் இருக்குது, ஆனா காது பட்டாளத்துலயே கெட்டுச்சின்னு காட்டணும். கூட இருந்து பாத்த ஒருத்தரு சத்தியம் பண்ணி, ரத்தம் வந்ததயும் மெடிக்கல்ல வெரல் காட்டினதயும் சொன்னா போதும்னாங்க. எனக்கு அன்னிக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? சாட்சி ரெண்டு தெரு தள்ளி உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்குதே.

பழமும் வெத்தல பாக்கும் எடுத்துக்கினு நாங்க ரெண்டு பேரும் போனோம். உக்காரவச்சான். வேதவல்லி காப்பி குடுத்தா. விசயத்தச் சொன்னேன். அவன் மீசையத் தடவிக்கினே, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல துளசின்னான். கைக்குட்டையால தொடச்சவனுக்கு ஞாபகம் இல்லியாம். எங்க வூட்டுக்காரரு எழுந்து கும்புட்டுட்டு வந்துட்டாரு. பழத்தட்ட நான் திருப்பி எடுத்துக்கினு வந்துட்டேன்.

அதோட வுட்டிருந்தாக்கூட நானும் வுட்டிருப்பேன். அவன் எங்க ஊரு முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்குத் தலைவன். சங்கத்துல உக்காந்துக்கினு இன்னா சொல்லியிருக்கான் தெரியுமா? துளசிக்குச் சின்ன வயசுலயே காது மந்தம், கெணத்துல குதிச்சிக் குதிச்சிப் போன காது அது, இப்ப கவுருமெண்டு தலையில கட்டப் பாக்கறாங்கன்னு. ஊரே சிரிச்சிச்சி. மாவு மில்லுல என்னப் பாத்து ஒருத்தி, கெணத்துக் காதுக்கு பென்ஷன் வந்துச்சான்னு கேட்டா. அன்னிக்கு நெனச்சேன், உன்ன இந்த ஊர்ல தல நிமுந்து நடக்க வுட மாட்டேண்டா ஏகாம்பரம்னு.

எங்க வூட்டுக்காரரு கிட்ட கத்தினேன், அழுதேன். கூடப் பொறந்தவன் மாதிரின்னு சொல்வியே, பாத்தியா அவன் லட்சணத்தன்னு காது மெஷின் பக்கத்துல போயி கத்தினேன். அவுரு அதுக்கும் அவனுக்குத்தான் பரிஞ்சிக்கினு வந்தாரு. அவன் நெலம உனக்குத் தெரியாது அமுலு, எனக்கு அவன் வெரல் காட்டின மாதிரி அவனுக்கு நான் காட்டியிருக்கேன், இப்ப அது வெளிய வந்தா அவன் வேல போயிடும்னு சொன்னாரு.

எனக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சி. அவனும் செவுடு. எங்க வூட்டுக்காரரு மாதிரியே முழுச் செவுடு. தோல் கம்பெனி ஒண்ணுல செக்யூரிட்டி ஆபீசர் வேல அவனுக்கு. அதனால மூடி மறைக்கறான். வாயப் பாத்தே பேசறான். வேதவல்லி எங்க போனாலும் அவன் பக்கத்துல ஒட்டிக்கினே நிப்பா, யாராவது எதனா சொன்னா அதையே அவன் மொகத்தப் பாத்துத் திருப்பிச் சொல்வா. ஊரெல்லாம், ஆஹா இன்னா ஒத்துமையான புருசன் பொண்டாட்டின்னு பேசிக்கும். நானும்தான் வயித்தெரிச்சல்ல வெந்திருக்கேன்.

சுதந்திர தினம் வந்துச்சி. பள்ளிக்கூடத்துல மேட போட்டு, சங்கத்துத் தலைவரு கொடியேத்தறாரு. ஊரே உக்காந்திருக்குது. தோல் கம்பெனி மேனேஜரு மொத வரிசையில இருக்கறாரு, நோட்டு பென்சில் குடுக்க வந்தவரு. வேதவல்லி பொம்பளைங்க பக்கம் மாட்டிக்கினா. மேடையில இருக்கறவங்களுக்கு லட்டு குடுக்கணும், நான் குடுக்கறேன்னு தட்ட வாங்கிக்கினு ஏறினேன். அவன் நாற்காலிக்குப் பின்னாடி போயி நின்னேன். மைக்கு பக்கத்துலயே இருக்குது.

ஏகாம்பரம், உன் பேண்ட்டு பின்னாடி கிழிஞ்சிருக்குதுன்னு சொன்னேன். மைக்குல நல்லா கேட்டுச்சி. கூட்டம் சிரிச்சிச்சி. அவன் இன்னா நெனச்சான்னா, ஏதோ சந்தோஷமா சிரிக்கறாங்கன்னு நெனச்சிக்கினு அவனும் சிரிச்சான். இந்த ஊர்லயே பெரிய செவுடன் இவன்தான்னு சொன்னேன். தலைய ஆட்டினான். துளசிராமன் வெரல் காட்டி சுபேதார் ஆனவன், நன்றி கெட்டவன்னு சொன்னேன். கை தட்டினாம்மா. பாவி, எல்லாரும் வாயத் தொறந்து பாத்துக்கினு இருக்காங்க, அவன் மட்டும் கை தட்டினான். அப்ப வேதவல்லி கூட்டத்துக்குள்ள இருந்து ஓடியாந்தா. அவ மொகத்தப் பாத்ததுக்கு அப்பாலதான் கை நின்னுச்சி. மெதுவா திரும்பி என்னப் பாத்தான். லட்டு எடுத்துக்கோங்க சுபேதார் சாருன்னு தட்ட நீட்டினேன்.

கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு அவ்ளோ சந்தோஷம் இல்ல. அந்த மாசமே கம்பெனியில டெஸ்ட்டு வச்சி அவன வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. சங்கத்துலயும் தலைவர் பதவிய அவனே எழுதிக் குடுத்துட்டான். வேதவல்லி கொழாய் பக்கம் வர்றதே இல்ல. நான்தான் மொத ஆளா போயி நிப்பேன். தப்பா? சொல்லு, தப்பா? அவன் எங்களக் கெணத்துக் காதுன்னு சொன்னப்ப யாரும் தப்புன்னு சொல்லலியே.

எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு மேடைக்குக் கீழதான் உக்காந்திருந்தாரு. நான் பேசினது அவுருக்குக் கேட்டிருக்காது, ஆனா பாத்தாரு. வூட்டுக்கு வந்து காது மெஷினக் கழட்டி டப்பாவுல வச்சாரு. அப்பால வூட்ல அதப் போடறதே இல்ல. வெளிய போறப்ப மட்டும் போட்டுக்குவாரு, வாசப்படி தாண்டினதும் போட்டுக்குவாரு. பேட்டரி வெல ஏறிப் போச்சில்ல, சிக்கனமா இருக்கறாரு. அவுரு எப்பவுமே சிக்கனம்.

கதைய எங்க வுட்டேன்? ஆங். அதுக்கு அப்பால ஒரு நாளு ஏகாம்பரம் எங்க வாசல்ல வந்து நிக்கறான். மீச மட்டும்தான் இருக்குது, ஆளு பாதியா போயிட்டான். துளசிய வரச் சொல்லும்மா, சாட்சி சொல்றேன், இனிமே எனக்கு மறைக்க இன்னா இருக்குதுங்கறான். கதவ மூஞ்சி மேல சாத்தினேன். அவுரு தோட்டத்துல இருந்தவரு, எப்படிப் பாத்தாரோ, பின்பக்கமா போயி அவன் கூட பஸ் ஏறிட்டாரு. நேரா மேடம் கிட்ட. அவன் காதுக்கும் புதுசா ஒரு கேசு போடறாங்களாம், அதுக்கு இவுரு சாட்சி. எங்க கேசுக்கு அவன் சாட்சி. மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

நான் மேடம் கிட்டப் போயி, அந்தாளு பேர எடுங்க, அவன் சொல்லி வர்ற பென்ஷன் எங்க வூட்டு அரிசிப் பானையில வுழக் கூடாதுன்னேன். அவன எடுத்தா கேசுல ஒண்ணும் நிக்காதும்மான்னாங்க. நிக்கலன்னா போவட்டும்னேன். அப்பதான் எங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்தாரு. செவுடு இல்லியா, சத்தம் அளவு தெரியாது, ஆபீசு முழுக்க கேக்கற மாதிரி சொன்னாரு.

“காது என்னோடது அமுலு. நீ வெளிய உக்காரு.”

அதான் இங்க உக்காந்திருக்கேன். உள்ள வரக் கூடாதாம். இத்தன வருசம் ஃபைலத் தூக்கிக்கினு அலஞ்சவ நானு, வெளிய உக்காரணுமாம். போன வாட்டி ரயில் லேட்டாயி அந்தாளு வந்து சேரல. அடுத்த வாட்டியும் சாட்சி வரலன்னா சாட்சி இல்லாமலே கேச முடிச்சிடுவேன்னு ஜட்ஜு கண்டிப்பா சொல்லிட்டாராம். மேடம் காலையில இருந்து உள்ளயே இருக்காங்க. பேரு கூப்பிட்டா வந்துடுங்க, இங்கயே இருங்கன்னு இவங்க ரெண்டு பேரு கிட்டயும் சொல்லிட்டுப் போனாங்க.

இரு. ஏதோ கூப்பிடறாங்க.

ஆமா, எங்க கேசுதான். சாட்சி ஏகாம்பரம்னு கூப்பிட்டாரு, எனக்குக் கேட்டுச்சி. நீ ஏம்மா எழுந்திரிக்கற? உக்காரு. கதவுகிட்ட நிக்கற அந்த டவாலி மூணு வாட்டி கூப்பிடுவாரு. பாரு, எப்படி உக்காந்திருக்கறான் பாரு. பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க, ஒரு அசைவு இருக்குதா? எங்க வூட்டுக்காரரு மெஷினுக்கும் இந்த எரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும், சுபேதாரு லட்சணத்த.

எங்க வூட்டுக்காரரு இந்தப் பக்கம் திரும்பறாரா? திரும்ப மாட்டாரு. அந்தாளு மூஞ்சையே பாத்துக்கினு இருக்காரு. ஏதோ பேசிக்கறாங்க. சிரிக்கறாரு பாரு. எங்கிட்ட அவுரு சிரிச்சி எத்தன நாளாவுது தெரியுமா? சுதந்திர தினத்துக்கு அப்பால சிரிக்கவே இல்ல. அவன் கிட்ட மட்டும் சிரிப்பு வருது.

ரெண்டாவது வாட்டி கூப்பிட்டாச்சி. கூப்பிடட்டும். நான் போயி தோளத் தட்டணுமா அவன? என் கையால? பென்ஷன் போனா போவுது. இத்தன வருசம் அது இல்லாமத்தான் சாப்பிட்டோம். நான் தையல் தெச்சி அவுருக்கு சோறு போடுவேன். ஆனா அவன் சொல்லி ஜெயிச்சோம்னு மட்டும் ஊர்ல எவளும் பேசக் கூடாது. நீ சும்மா உக்காரும்மா. கையப் புடிக்காத. எனக்குத் தெரியும் நான் இன்னா பண்றேன்னு.

ஏம்மா, எங்க போற? ஏ பொண்ணு, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? சொல்லிக்கினே இருக்கறேன், போறா பாரு. தட்டிட்டா. அவன் தோள்லயே கைய வச்சித் தட்டிட்டா. ரெண்டு பேரும் எழுந்திரிச்சிட்டாங்க.

வா. வந்து உக்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு. பாத்தேன், எங்க வூட்டுக்காரரு உன்னப் பாத்துக் கும்புட்டாரு. ரெண்டு கையும் தூக்கிக் கும்புட்டாரு. கதவுகிட்ட போறப்ப நான் இருக்கற பக்கம் ஒரு வாட்டிகூட திரும்பல. அந்தாளு தோள்ல கைய போட்டுக்கினு உள்ள போயிட்டாரு.

இல்ல, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நீ சின்னப் பொண்ணு. உங்க கேசும் இந்தக் கோர்ட்டுலதான நடக்கப் போவுது? நானும் அடிக்கடி வர்றவதான். இன்னா ஊருன்னு சொன்ன, போளூரா? உன் பேரு இன்னா? நல்லா சத்தமா சொல்லு. உங்க வூட்டுக்காரரு பேரு?

ம். ஞாபகம் வச்சிக்கறேன்.